முட்டைக் கணக்கிலிருந்து நோயறிதலுக்கு: வளர்ப்பு வாத்துகளின் இனப்பெருக்க நோய்கள் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

முட்டை அடைப்பு, முட்டைக்குழாய் அழற்சி, மஞ்சள்கரு உடற்குழியில் சிந்துவதால் உண்டாகும் அழற்சி, உறுப்பு வெளித்தள்ளல் ஆகியவை செல்லப் பறவையாக வளர்க்கப்படும் வாத்துகளிடம் காணப்படும் முதன்மையான இனப்பெருக்க நோய்கள். இவை தனிப்பறவையின் நோய்களாக இனங்காணப்பட்டு மருத்துவம் பெற்றது அண்மைக் கால நிகழ்வு. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் வாத்து மந்தையாகவே நோக்கப்பட்டது. அதன் இனப்பெருக்க நோயும் ‘முட்டை வீழ்ச்சி’ என்னும் எண்ணிக்கையாகவே பதிவாயிற்று. முட்டை எண்ணிக்கையைப் பெருக்கும் நோக்கில் வளர்ந்த ஒளி, இயக்குநீர் ஆய்வுகளே பின்னர் முட்டையிடுதலை நிறுத்தி நோயைத் தணிக்கும் மருத்துவத்திற்கும் அடிப்படையாயின என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வாத்து, முட்டை அடைப்பு, காக்கி கேம்பெல், பகல்நீளம், இயக்குநீர், கால்நடை மருத்துவ வரலாறு, செல்லப் பறவை.

1. முன்னுரை

மனிதர் வளர்க்கும் பறவைகளுள் முட்டை, இறைச்சி, இறகு என மூவகைப் பயனும் தருவது வாத்து. இப்பயன்பாடே வாத்தைப் பற்றிய எழுத்துகளின் அளவுகோலாகவும் அமைந்தது. ஒரு வாத்து ஆண்டுக்கு எத்தனை முட்டை இடும், எத்தனை வாரத்தில் விற்பனை எடையை எட்டும் என்னும் வினாக்களுக்கு விடை ஏராளமாகக் கிடைக்கிறது. முட்டையிடும் வாத்து நோயுற்றால் அதனை எவ்வாறு அறிவது, எவ்வாறு காப்பது என்னும் வினாவுக்கான விடைகளோ மிகப் பிற்பட்டவை.

இக்காலத் தாழ்வுக்கு அறிவியல் வளர்ச்சியின்மை மட்டும் காரணமாகாது. பறவையின் சூலகமும் முட்டைக்குழாயும் 17ஆம் நூற்றாண்டிலேயே விரிவாக விளக்கப்பட்டுவிட்டன. நோயுற்ற ஒற்றை வாத்தைக் காப்பாற்ற வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை என்பதே முதன்மைக் காரணம். மந்தையில் ஒரு வாத்து முட்டையிடாமல் நின்றால் அது உணவாயிற்று. அதனைப் பெயரிட்டு வளர்ப்போர் பெருகிய பிறகே அதன் நோய்க்குப் பெயர் தேடும் தேவை வந்தது. இம்மாற்றத்தைப் பிரித்தானியா, பிரான்சு, நெதர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் சான்றுகளை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. காட்டு வாத்தும் பண்ணை வாத்தும்

மஸ்கோவி வாத்து நீங்கலாக இன்றைய வளர்ப்பு வாத்தினங்கள் அனைத்தும் மல்லார்ட் என்னும் காட்டு வாத்தின் வழி வந்தவை. காட்டில் வாழும் மல்லார்ட் பெட்டை இளவேனிலில் ஓர் ஈட்டில் ஏறத்தாழ 8 முதல் 13 முட்டைகள் இட்டு அடைகாக்கும். ஈடு நிறைந்ததும் சூலகம் சுருங்கும். பகல் குறுகும் பருவத்தில் இனப்பெருக்க உறுப்புகள் ஓய்வு கொள்ளும். ஆண்டின் பெரும்பகுதி அவற்றுக்கு ஓய்வுக் காலமே.

இவ்வொழுங்கை மனிதத் தேர்வு மாற்றியமைத்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியாவின் கம்பர்லாந்து வட்டாரப் பண்ணைகளில் ‘இந்தியன் ரன்னர்’ என்னும் நிமிர்ந்த நடையுடைய வாத்தினம் பரவியது. பெயரில் இந்தியா இருப்பினும் இதன் பிறப்பிடம் தென்கிழக்காசியத் தீவுகள். ஆல்பிரட் ரசல் வாலஸ் 1869இல் வெளியிட்ட ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ என்னும் நூலில் லொம்போக் தீவின் வாத்துகள் பெங்குயின் போல நிமிர்ந்து நடப்பதைக் குறிப்பிடுகிறார். சார்ல்ஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட வளர்ப்புயிர்கள் பற்றிய நூலிலும் ‘பெங்குயின் வாத்து’ இடம்பெறுகிறது. நெல்வயல்களில் நெடுந்தொலைவு மேய்க்கப்பட்ட இவ்வாத்துகள் அடைகாக்கும் இயல்பு குறைந்தவை; முட்டையிடும் இயல்பு மிக்கவை.

குளோஸ்டர்ஷயரின் யூலி என்னும் ஊரில் வாழ்ந்த அடேல் கேம்பெல் அம்மையார் தம்மிடமிருந்த ரன்னர் பெட்டை ஒன்றை ரூவான் இனச் சேவலுடன் கலந்து, மல்லார்ட் குருதியையும் சேர்த்து ஒரு புதிய இனத்தை உருவாக்கினார். அந்த ரன்னர் பெட்டை 196 நாட்களில் 182 முட்டைகள் இட்டதாகக் கூறப்படுகிறது. 1898இல் அறிமுகமான கேம்பெல் வாத்து 1901 அளவில் காக்கி நிறம் பெற்றது. நன்கு தேர்ந்தெடுக்கப்பட்ட காக்கி கேம்பெல் வழிகள் ஆண்டுக்கு 300 முட்டை என்னும் அளவை எட்டின. தமிழ்நாட்டிலும் முட்டைக்காக வளர்க்கப்படும் அயலின வாத்துகளுள் இதுவே பெரிதும் அறியப்பட்டது.

மல்லார்டின் ஓர் ஈட்டையும் காக்கி கேம்பெலின் ஓராண்டு முட்டைகளையும் ஒப்பிட்டால், ஒரு பறவையின் உறுப்பின்மேல் சுமத்தப்பட்ட பளு விளங்கும். முட்டையிடும் தடவை கூடுந்தோறும் தவறு நேரும் வாய்ப்பும் கூடுகிறது. இன்றைய செல்ல வாத்தின் இனப்பெருக்க நோய்களை இவ்வினத்தேர்வு வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

3. உறுப்பை அறிந்தும் நோயைக் கருதாத காலம்

பறவையின் முட்டை உருவாகும் முறை நெடுங்காலமாக அறிஞர்களை ஈர்த்துவந்துள்ளது. அரிஸ்டாட்டில் கோழிக்கருவின் வளர்ச்சியை நாள்தோறும் நோக்கி எழுதினார். பதுவா பல்கலைக்கழகத்தின் பாப்ரிசியஸ் முட்டையும் குஞ்சும் உருவாதல் குறித்து எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1621இல் வெளிவந்தது. அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி 1651இல் உயிர்த்தோற்றம் குறித்த நூலை வெளியிட்டார். இவர்கள் ஆராய்ந்தது உயிர் எவ்வாறு தோன்றுகிறது என்னும் மெய்யியல் வினா. கோழி அவ்வினாவுக்கான சான்றுப் பொருளாக அமைந்தது. அதன் துன்பம் ஆய்வுப் பொருளாகவில்லை.

இவ்வழியில் திரண்ட உடற்கூற்றறிவு இன்றைய நோயறிதலுக்கு இன்றியமையாதது. வாத்தில் இடப்புறச் சூலகமும் இடப்புற முட்டைக்குழாயுமே முழு வளர்ச்சி பெற்றுச் செயற்படுகின்றன. சூலகத்திலிருந்து விடுபடும் மஞ்சள்கருவை முட்டைக்குழாயின் புனல் போன்ற வாய் ஏந்திக்கொள்கிறது. அடுத்த பகுதியில் வெண்கருவும், அதற்கடுத்த குறுகிய பகுதியில் சவ்வும் சேர்கின்றன. ஓட்டுச் சுரப்பியில் கால்சியம் படிந்து ஓடு உருவாகிறது. கோழியில் ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. அதில் பெரும்பகுதி நேரம் ஓட்டுச் சுரப்பியிலேயே கழிகிறது. ஒரு கோழிமுட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும். வாத்து முட்டை அதனினும் பெரிது.

இக்கால்சியத்தின் ஒரு பகுதி எலும்பிலிருந்து வருகிறது. முட்டையிடும் பருவத்தில் பெட்டைப் பறவையின் எலும்பு மச்சைக்குள் தனிவகை எலும்புத் திசு வளர்வதைக் கைஸ், பாட்டர் ஆகியோர் 1934இல் புறாக்களில் விளக்கினர். உணவில் கால்சியம் குறைந்தால் பறவை தன் எலும்பைக் கரைத்தே ஓடு செய்கிறது என்னும் உண்மை, முட்டை அடைப்பை விளங்கிக்கொள்ளத் துணைபுரிந்தது. முட்டையை வெளித்தள்ளும் தசைகள் சுருங்குவதற்கும் கால்சியம் தேவை. ஆகவே கால்சியம் குன்றிய பெட்டையில் ஓடு மெலிவதும் தசை சோர்வதும் ஒருங்கே நிகழ்கின்றன.

நோய் என்னும் நோக்கில் முட்டைக்குழாயை அணுகியவர்களுள் அமெரிக்காவின் மெய்ன் வேளாண் ஆய்வு நிலையத்தினர் குறிப்பிடத்தக்கவர்கள். அங்கு 1898 முதல் பொறிக்கூடுகள் பயன்படுத்தப்பட்டன. கோழி உள்ளே நுழைந்ததும் கதவு மூடிக்கொள்ளும் இக்கூடு, எந்தக் கோழி எத்தனை முட்டை இட்டது என்று தனித்தனியே கணக்கிட உதவியது. தனிப்பறவை முதன்முறையாக ஏட்டில் இடம்பெற்றது. ஆயினும் அது உற்பத்தி எண்ணாகவே இடம்பெற்றது. அந்நிலையத்தின் ரேமண்ட் பேர்ல், மேனி கர்ட்டிஸ் ஆகிய இருவரும் 1914இல் கோழியின் முட்டைக்குழாயைக் கட்டியும் வெட்டியும் அகற்றியும் விளைவுகளை ஆராய்ந்தனர். குழாய் அகற்றப்பட்ட பின்னும் சூலகம் செயற்படக்கூடும் என்பதும், மஞ்சள்கரு உடற்குழிக்குள் விழுந்து உறிஞ்சப்படக்கூடும் என்பதும் அச்சோதனைகளால் தெளிவாயின. 1915இல் சர்பேஸ் என்பாருடன் இணைந்து இவர்கள் கோழி நோய்கள் குறித்த நூலையும் வெளியிட்டனர். அன்று ஆய்வுக்காகச் செய்யப்பட்ட இந்த அறுவைதான் பல பத்தாண்டுகளுக்குப் பின் செல்லப் பறவைகளின் உயிர்காக்கும் அறுவையாக மாறியது.

4. மந்தை நோயும் முட்டை வீழ்ச்சியும்

20ஆம் நூற்றாண்டில் வாத்து மருத்துவத்தின் பெரும்பகுதி தொற்றுநோய்களைச் சுற்றியே வளர்ந்தது. 1923இல் நெதர்லாந்தில் போதே என்பவர் வாத்துகளில் பரவிய கொடிய நோயொன்றை விவரித்தார். தொடக்கத்தில் அது கோழிக் கொள்ளைநோயின் ஒரு வகையெனக் கருதப்பட்டது. 1942இல் போஸ் அது வாத்துகளுக்கே உரிய வேறு நோய் என்று காட்டினார். 1949இல் யான்சன், குன்ஸ்ட் ஆகியோர் ‘வாத்துக் கொள்ளைநோய்’ என்னும் பெயரை முன்மொழிந்தனர். 1967இல் அமெரிக்காவின் லாங் ஐலண்ட் பண்ணைகளில் பீக்கின் வாத்துகளிடையே இந்நோய் கண்டறியப்பட்டது. முட்டையிடும் மந்தையில் முட்டை எண்ணிக்கை திடீரெனச் சரிவதும், இறந்த சேவல் வாத்துகளின் இனப்பெருக்க உறுப்பு வெளியே தள்ளியிருப்பதும் இந்நோயின் அடையாளங்களாகப் பதிவாயின.

1976இல் நெதர்லாந்தில் கோழிகளிடம் ‘முட்டை வீழ்ச்சி நோய்த்தொகுதி’ விவரிக்கப்பட்டது. கோழிகள் நலமாகத் தோன்றும்போதே ஓடற்ற முட்டைகளும் மென்னோட்டு முட்டைகளும் இட்டன. இதற்குக் காரணமான அடினோ வைரசின் இயற்கை உறைவிடம் வாத்துகளும் கூஸ்களும் எனப் பின்னர் அறியப்பட்டது. வாத்துகள் பெரும்பாலும் நோயின்றி அதனைத் தாங்கியிருந்தன. 2010இல் சீனாவின் தென்கிழக்குப் பகுதிகளில் தெம்புசு வகை வைரஸ் வாத்துப் பண்ணைகளில் பரவியது. அப்போது முட்டையிடுதல் கடுமையாகச் சரிந்ததுடன் சூலகத்தில் குருதிக்கசிவும் காணப்பட்டது.

இம்மூன்று நோய்களும் மந்தையின் முட்டைக் கணக்கில் சரிவை உண்டாக்கின. ஆயிரம் வாத்துகளுள் ஒன்றுக்கு முட்டை அடைத்துக்கொண்டால் அக்கணக்கில் எவ்வித அசைவும் தெரியாது. அறுவடை முடிந்த நெல்வயல்களில் மந்தையாக வாத்து மேய்க்கும் தமிழ்நாட்டு வழக்கத்திலும் நிலை இதுவே. மேய்ப்பவர் அஞ்சுவது மந்தையை அழிக்கும் கொள்ளைநோய்க்கு. அதற்கே தடுப்பூசியும் போடப்படுகிறது. மந்தைப் பார்வை பிழையானதென்று கொள்ள வேண்டியதில்லை. அதன் வாழ்வியல் தேவை வேறு. ஆயினும் தனிப்பறவையின் இனப்பெருக்க நோய் நூல்களில் நெடுங்காலம் ஓரிரு வரிகளுடன் நின்றதற்கு இதுவே விளக்கம்.

தனிப்பறவைக்கான பழைய கைம்மருந்துகள் இல்லாமலில்லை. விக்டோரியா காலக் கோழி வளர்ப்புக் கையேடுகள் முட்டை அடைத்த பெட்டையின் எச்சத்துளையில் எண்ணெய் தடவுவதையும் வெந்நீராவி காட்டுவதையும் பரிந்துரைத்தன. வெப்பமும் வழவழப்பும் இன்றைய முதலுதவியிலும் இடம்பெறுகின்றன. முட்டை ஏன் அடைத்தது என்னும் வினாவை மட்டும் அக்கையேடுகள் எழுப்பவில்லை.

5. ஒளி ஆய்வில் வாத்தின் இடம்

தனிப்பறவை மருத்துவத்திற்கான திறவுகோல் எதிர்பாராத திசையிலிருந்து கிடைத்தது. 1920களில் அமெரிக்கப் பண்ணையாளர்கள் குளிர்காலத்தில் கோழிக்கூடங்களில் மின்விளக்கெரித்து முட்டை எண்ணிக்கையைக் கூட்டும் வழக்கத்தைப் பரவலாகக் கைக்கொண்டனர். அது ஏன் பயன் தருகிறது என்பது தெளிவாகவில்லை. நீண்டநேரம் விழித்திருந்து மிகுதியாக உண்பதே காரணம் என்றும் கருதப்பட்டது. 1925இல் கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன், ஜங்கோ என்னும் சிறுபறவைகளுக்குக் கடுங்குளிர் காலத்தில் செயற்கை ஒளி தந்து, அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் பருவம் தவறி வளர்வதைக் காட்டினார்.

அதன் உள்வழியைத் தேடிய பிரெஞ்சு உடலியலறிஞர் ஜாக் பெனுவா தேர்ந்தெடுத்த பறவை வாத்து. 1934 முதல் அவர் வெளியிட்ட ஆய்வுகள், ஓய்வுப் பருவத்திலுள்ள இளம் சேவல் வாத்துகளுக்குச் செயற்கை ஒளி தந்தால் விந்தகங்கள் பன்மடங்கு பெருப்பதைக் காட்டின. கண்கள் நீக்கப்பட்ட வாத்துகளிலும் இவ்விளைவு தோன்றியது. குவார்ட்சுத் தண்டின் வழியே மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிக்கு நேரே ஒளியைச் செலுத்தியபோதும் உறுப்புகள் வளர்ந்தன. பறவையின் மூளையே மண்டையோட்டினூடே ஒளியை உணர்ந்து, பிட்யூட்டரி சுரப்பியின் வழியாக இனப்பெருக்க உறுப்புகளை இயக்குகிறது என்னும் கருத்து இவ்வாறு உருவாயிற்று. இவ்வறிவுக்கு வாத்துகள் தந்த விலை கடுமையானது என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

ஹைப்போதலாமசிலிருந்து பிட்யூட்டரிக்குச் செல்லும் செய்தி யாது என்னும் வினாவுக்கு 1971இல் விடை கிடைத்தது. இனப்பெருக்கச் சுரப்பிகளைத் தூண்டும் இயக்குநீரை விடுவிக்கும் சிறு புரதத்துண்டின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கியேமென் ஆகியோரின் குழுக்கள் பாலூட்டிகளில் கண்டறிந்தன. இருவரும் 1977இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். கோழியில் அதற்கிணையான மூலக்கூறின் அமைப்பு 1982இல் வெளியாயிற்று.

பண்ணைத் தொழில் இவ்வறிவைக் கொண்டு விளக்கெரியும் நேரத்தை 14 முதல் 16 மணி வரை நீட்டி முட்டையைப் பெருக்கியது. பறவை மருத்துவம் அதே அறிவைத் தலைகீழாகப் பயன்படுத்தியது. பகல்நீளத்தைக் குறைத்தால் சூலகம் ஓய்வு கொள்ளும். விடுவிப்பு இயக்குநீரை ஒத்த மருந்தை இடைவிடாமல் உடலில் கசியவிட்டால், தொடக்கத்தில் தூண்டப்படும் பிட்யூட்டரி பின்னர் மறுமொழி தருவதை நிறுத்திவிடும். டெஸ்லோரெலின் என்னும் மருந்துத் துண்டு இவ்வகையில் செயற்படுவது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண் நாய்களுக்காக ஒப்புதல் பெற்ற இம்மருந்து, பறவை மருத்துவர்களால் முட்டையிடுதலை நிறுத்தவும் பயன்படுத்தப்பட்டது. தோலின் அடியில் வைக்கப்படும் இதன் பயன் சில மாதங்களே நீடிக்கும். அதன்பின் மறுபடி வைக்க வேண்டும்.

6. தனிப்பறவை மருத்துவம்: அறிகுறியும் சிகிச்சையும்

1980இல் அமெரிக்காவில் பறவை மருத்துவர்களுக்கான சங்கம் தோன்றியது. அப்பத்தாண்டில் ஐசோபுளூரேன் என்னும் மயக்க வாயு பறவை அறுவையில் பரவியது. கிளிகளுக்காகத் தொடங்கிய இம்மருத்துவம் பின்னர் வீட்டுக் கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் விரிந்தது.

6.1 அறிகுறிகளை இனங்காணுதல்

இரையாகும் உயிர்கள் தம் நலிவை மறைக்கும் இயல்புடையவை. வாத்து வெளிப்படையாகச் சோர்ந்து காணப்படும்போது நோய் முற்றியிருப்பது வழக்கம். ஆகவே சிறு மாற்றங்களே முதன்மையானவை. முட்டையிட முயன்று முக்குதல், கூட்டிற்குள் அடிக்கடி சென்று வெறுமனே திரும்புதல், நீரில் இறங்க மறுத்தல், வால் தாழ்தல், கால்களை அகட்டி நடத்தல், ஓடற்ற அல்லது உருக்குலைந்த முட்டை, வழக்கமாக முட்டையிடும் பறவை திடீரென நிறுத்துதல், வயிறு பெருத்தல், மூச்சுத் திணறல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். பறவைக்கு உதரவிதானம் இல்லை. எனவே உடற்குழியில் தேங்கும் நீரும் சிக்கிய முட்டையும் காற்றுப்பைகளை அழுத்தி மூச்சைத் தடுக்கின்றன.

வயிறு கனத்த பறவை பெங்குயின் போல நிமிர்ந்து நிற்கும் என்று மருத்துவ நூல்கள் கூறும். இக்குறியை இன வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். பீக்கின் வாத்தில் இது நோய்க்குறி. ரன்னர் வாத்திலோ அதன் பிறவி நிலையே இது. வாலஸும் டார்வினும் வியந்த நிமிர்நடை, ரன்னர் பெட்டையின் நோயை மறைக்கவும் கூடும். வளர்ப்பவர் தம் பறவையின் இயல்பான நிலையை அறிந்திருந்தால்தான் மாற்றத்தை உணர முடியும்.

முட்டை அடைப்பு, மஞ்சள்கரு அழற்சி, சூலகப் புற்று, இதயநோயால் வரும் நீர்க்கோவை ஆகியவை வெளித்தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்தவை. ஊடுகதிர்ப் படம் ஓடுள்ள முட்டையையும் எலும்பின் அடர்த்தியையும் காட்டும். ஓடற்ற முட்டையையும் தேங்கிய நீரையும் சூலகக் கட்டியையும் மீயொலிப் படம் காட்டும். நீரைச் சிறிது எடுத்து ஆய்வதால் மஞ்சள்கருவும் நுண்ணுயிரும் அறியப்படும்.

6.2 சிகிச்சை

முட்டை அடைத்த பெட்டைக்கு வெப்பமும் அமைதியும் நீர்ச்சத்தும் முதலில் தரப்படுகின்றன. அடுத்து மருத்துவர் கால்சியத்தை ஊசி வழியாகச் செலுத்துகிறார். முட்டைக்குழாய் சுருங்க ஆக்சிடோசின் போன்ற மருந்தும் தரப்படுவதுண்டு. பறவையின் உடலில் இப்பணியை இயல்பாகச் செய்வது வாசோடோசின் என்னும் வேறொரு இயக்குநீர். பாதை அடைபட்டிருக்கும்போது சுருக்க மருந்து தந்தால் குழாய் கிழியும் இடருண்டு. ஆகவே படம் எடுத்துப் பார்த்தபின்னரே அது தகும். முட்டை வெளிவராவிடில் ஊசியால் உள்ளீட்டை உறிஞ்சி ஓட்டைச் சுருங்கச் செய்வதுண்டு. வீட்டில் முட்டையை அழுத்திப் பிதுக்கினால் ஓடு உடைந்து குழாயைக் கிழிக்கும்.

மஞ்சள்கரு உடற்குழியில் சிந்திய நிலையில், நுண்ணுயிர்த் தொற்று இல்லையெனில் அழற்சி தணிப்பும் முட்டையிடுதலை நிறுத்தலும் போதுமானதாக அமையலாம். ஈ கோலை போன்ற நுண்ணுயிர் சேர்ந்தால் நுண்ணுயிர்க்கொல்லி வேண்டும். முட்டைக்குழாயில் அழுகிய கட்டிப்பொருள் இறுகிவிட்டால் குழாயை அகற்றும் அறுவையே வழி. சூலகம் சிறுநீரகத்தையும் பெருங்குருதிக் குழாய்களையும் ஒட்டியிருப்பதால் அதனை முழுவதும் அகற்றுதல் பேரிடர். எனவே குழாய் நீங்கிய பின்னும் சூலகம் செயற்படக்கூடும். பேர்லும் கர்ட்டிசும் 1914இல் கண்டது இங்கு நேரடிப் பொருள் பெறுகிறது: அறுவைக்குப் பின்னும் பகல்நீளக் கட்டுப்பாடோ இயக்குநீர் மருந்தோ வேண்டப்படலாம்.

6.3 சேவல் வாத்தின் நோய்

பெரும்பாலான பறவைகளுக்கு இல்லாத புணர்ச்சி உறுப்பு சேவல் வாத்துக்கு உண்டு. சுருள் வடிவினதான அது நிணநீரால் நிமிர்ந்து வெளிப்படுவது. பாட்ரிசியா பிரென்னனும் உடனாய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நீர்ப்பறவைகளில் ஆணுறுப்பின் நீளமும் பெண்ணுறுப்பின் சிக்கலான அமைப்பும் இணைந்தே படிமலர்ந்துள்ளதைக் காட்டியது. வெளிவந்த உறுப்பு உள்ளே திரும்பாவிடில் காய்ந்து, புண்பட்டு, அழுகும். உடனே கழுவி ஈரம் காத்து மருத்துவரிடம் சேர்ப்பித்தால் மீள வாய்ப்புண்டு. அழுகியிருந்தால் அப்பகுதி வெட்டப்படுகிறது. வாத்தின் இவ்வுறுப்பு சிறுநீர் கழிக்கும் வழியன்று. அதனால் அறுவைக்குப் பின் இனச்சேர்க்கை மட்டுமே தடைப்படும். வாழ்வு இயல்பாகத் தொடரும். பெட்டைகள் போதாத கூட்டத்தில் சேவல்களின் ஓயாத புணர்ச்சியால் இருபாலும் புண்படுகின்றன என்பதால் விகிதத்தைச் சீராக்குதலும் மருத்துவத்தின் பகுதியாகிறது.

7. செல்லப் பறவையா, உணவுப் பறவையா

மருத்துவம் தனிப்பறவையை ஏற்றுக்கொண்ட பின்னும் சட்டம் மந்தையையே நோக்குகிறது. அமெரிக்காவில் வாத்து உணவு விலங்காகவே கருதப்படுகிறது. ஒருவர் அதனை ஒருபோதும் உண்ணாமல் வீட்டில் வளர்த்தாலும் நிலை மாறுவதில்லை. 1994இல் இயற்றப்பட்ட சட்டம் ஒப்புதல் பெறாத பயன்பாட்டிற்கு மருந்து தரக் கால்நடை மருத்துவர்களுக்கு இடமளித்தது; எனினும் உணவு விலங்குகளுக்குச் சில மருந்துகள் விலக்கப்பட்டன. 1997இல் புளூரோகுயினலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளும் அவ்விலக்கில் சேர்ந்தன. 2005இல் கோழியினங்களுக்கான என்ரோபுளாக்சசின் ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. மனிதரிடையே மருந்தெதிர்ப்பு நுண்ணுயிர் பரவுவதைத் தடுப்பதே இதன் நோக்கம், அந்நோக்கம் நியாயமானது. அதன் விளைவாக, கிளிக்குத் தரக்கூடிய மருந்தைச் செல்ல வாத்துக்குத் தர இயலாத நிலையும் உண்டாயிற்று.

டெஸ்லோரெலின் நிலையும் இத்தகையதே. 2012இல் அமெரிக்காவில் அது பெரட் என்னும் சிறுவிலங்கின் நோய்க்கு மட்டும் இசைவு பெற்றது. வேறு உயிர்களுக்கு அதனைப் பயன்படுத்த அவ்விசைவு இடந்தரவில்லை. முட்டையிடுதலை நிறுத்தும் மருந்து இருந்தும் எட்டாத இடத்தில், வளர்ப்பவரின் கையில் எஞ்சுவது பெனுவாவின் ஆய்வு வழி வந்த எளிய முறை: மாலையில் முன்னதாகவே பறவையை இருண்ட கூட்டில் அடைத்தல், செயற்கை ஒளியைத் தவிர்த்தல், முட்டைகள் குவியும் கூட்டை மாற்றுதல்.

பறவைக் காய்ச்சல் மந்தை நோக்கை மீண்டும் வலுப்படுத்தியுள்ளது. 2024 இலையுதிர் காலம் முதல் பிரித்தானியாவில் ஒரே ஒரு வாத்தை வளர்ப்பவரும் அரசிடம் பதிந்துகொள்ள வேண்டும். முட்டை திடீரென நிற்பது தனிப்பறவையின் நோயாகவும் இருக்கலாம். பரவும் தொற்றின் முதற்குறியாகவும் இருக்கலாம். பல பறவைகள் ஒருங்கே நலிந்தால் அரசுக் கால்நடைத் துறைக்கு அறிவிப்பதே முதற்கடமை. இரு நோக்கும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

8. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, செல்ல வாத்தின் இனப்பெருக்க நோய்கள் இன்றைய வளர்ப்புமுறைப் பிழைகளால் மட்டும் விளைவன அல்ல. ஓர் ஈட்டுடன் ஓய்வு கொண்ட பறவையை ஆண்டு முழுதும் முட்டையிடச் செய்த இனத்தேர்வின் எச்சம் அவற்றில் உண்டு. முட்டைக்காக உருவான இனத்தைச் செல்லமாக வளர்ப்பவர் அவ்வரலாற்றையும் சேர்த்தே ஏற்கிறார்.

இரண்டாவதாக, உடற்கூற்றறிவு இருந்தும் தனிப்பறவை மருத்துவம் தாழ்த்து வந்தமைக்கு வாத்தின் பொருளியல் நிலையே காரணம். நோய் எண்ணிக்கையாகப் பதிவான வரை தனிப்பறவையின் வலி ஏட்டில் இடம்பெறவில்லை.

மூன்றாவதாக, முட்டையைப் பெருக்கிய ஒளியறிவும் இயக்குநீர் அறிவுமே முட்டையை நிறுத்தும் மருத்துவமாக மாறின. ஒளிச்சோதனைகளுக்கு உள்ளான பறவைக்கே அவ்வறிவு பின்னாளில் மருந்தாயிற்று.

நான்காவதாக, சட்டமும் மருந்துக் கொள்கையும் வாத்தை இன்னும் உணவு விலங்காகவே வகைப்படுத்துவதால் மருத்துவர்க்குக் கிட்டும் மருந்துகள் சிலவே. இந்நிலையில் நோயை முன்னறிதலே பறவையின் உயிரைப் பெரிதும் காக்கிறது. நாள்தோறும் அதன் நடை, வால்நிலை, முட்டை, பசி ஆகியவற்றைக் கவனிக்கும் வளர்ப்பவரே இன்றும் அதன் முதல் நோயறிவாளர்.